சந்திரன் வேகமெடுக்கும் நேரம்

பிளஸ் டூ மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சைனுக்குள் 3 மடங்கு கோணம் இருந்தால், வகையிடும்போது சைனைக் கோசைன் ஆக்கிவிடுவார்கள். அந்த மூன்றால் பெருக்க மறந்துவிடுவார்கள். இந்தத் தவற்றைப் பஞ்சாங்கக்காரர் செய்தால் ஏகாதசி விரதமே தடுமாறும்.

சந்திரன் நாளொன்றுக்குச் சராசரியாக 13 பாகை 10 கலை நகர்கிறது. இந்தச் சராசரி நிலை, நாட்கள் ஏற ஏற நேர்கோடாக ஏறும் எளிய பல்லுறுப்புக் கோவை. ஆனால் சந்திரன் சீராக ஓடுவதில்லை. எனவே அதிலிருந்து, சுமார் 5 பாகையை ஒரு கோணத்தின் சைனால் பெருக்கிக் கழிக்கிறார்கள். அந்தக் கோணம், சந்திரன் மிகத் தொலைவில் இருக்கும் மந்தோச்சத்திலிருந்து அளப்பது.

அந்தக் கணத்தின் வேகம் வேண்டுமென்றால் இரண்டு உறுப்பையும் வகையிட வேண்டும். முதலாவது 13 பாகை 10 கலையைத் தருகிறது. இரண்டாவதில் சைன் கோசைனாகிறது. கூடவே கோணம் தினமும் வளரும் அளவாலும் பெருக்க வேண்டும். அது சுமார் 13 பாகை, அதாவது 0.228 ரேடியன். பாகையை ரேடியனாக்காமல் பெருக்கினால் விடை அபத்தமாகிவிடும். 5-ஐ 0.228-ஆல் பெருக்கினால் 1.14. ஆக, இந்தக் கணக்கின்படி சந்திரனின் தினசரி வேகம் மந்தோச்சத்தில் சுமார் 12 பாகை. எதிர்ப்புறத்தில் 14-க்கும் மேல். சில திதிகள் சுமார் 20 மணி நேரத்தில் முடிவதும், சில 26 மணியைத் தாண்டுவதும் இந்த வேக மாற்றத்தால்தான்.

இந்தக் கோசைன் விதியை 932-லேயே முஞ்சாலர் பயன்படுத்தியிருக்கிறார். 1150-ல் 'சித்தாந்த சிரோமணி' எழுதிய இரண்டாம் பாஸ்கரர் அதற்குத் 'தாத்காலிக கதி' என்று பெயரிட்டார். சந்திரன் கணத்துக்குக் கணம் வேகம் மாறுவதால், முடியும் தறுவாயில் உள்ள திதிக்கு அந்தக் கணத்து வேகமே வேண்டும். தொலைவில் உள்ள திதிக்குத் தினசரி வேகம் போதும் என்கிறார். எங்கே துல்லியம் தேவை, எங்கே தேவையில்லை என்று தெரிந்த கணக்கர்!

பாஸ்கரருக்கு வகை நுண்கணிதம் தெரியும் என்று 1858-ல் காசிப் பண்டிதர் பாபுதேவ சாஸ்திரி எழுதினார். 1860-ல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஸ்பாட்டிஸ்வுட் அதை அப்படியே ஏற்கத் தயங்கினார். எந்தச் சார்பையும் வகையிடும் பொது முறை பாஸ்கரரிடம் இல்லை என்பது உண்மைதான். அது 17-ம் நூற்றாண்டில் நியூட்டன், லைப்னிட்ஸ் கையில் வந்தது. ஆனாலும் சைனுக்குள் இருக்கும் கோணத்தின் வேகத்தால் பெருக்க பாஸ்கரர் மறக்கவில்லை.