முன்னால் குளிர், பின்னால் புழுக்கம்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் குடும்ப வேன்களில், கௌதள்ளியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எழும் புகார் இது: ஓட்டுபவருக்குச் சில்லென்ற காற்று, கடைசி சீட்டில் பாட்டிக்கு வியர்வை. ஊர் திரும்பியதும் மெக்கானிக்கின் தீர்ப்பும் தயார்: "கேஸ் குறைந்துவிட்டது, ஏற்றிவிடலாம்."

அவசரப்படாதீர்கள். குளிர் எங்கே, எப்போது குறைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏற்றத்தில் மெதுவாகப் போகும் வண்டியின் கண்டென்சருக்குக் காற்று போதாது. ஏசி சற்றுத் தளரும். எனவே சமவெளியில் சோதியுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடானால் கண்டென்சர் விசிறியைக் கவனியுங்கள்.

மூன்று வரிசை வேன்கள் பலவற்றில் கம்ப்ரஸர் ஒன்றுதான். கூலிங் காயிலும் புளோயரும் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. பின்னால் காற்றே வரவில்லை என்றால் ஃபியூஸ், புளோயர், தூசு அடைத்த காயில் ஆகியவற்றைப் பாருங்கள். காற்று வந்தும் குளிரவில்லை, முன்னால் மட்டும் நன்றாகக் குளிர்கிறது என்றால் பின்பக்க எக்ஸ்பான்ஷன் வால்வைச் சந்தேகிக்கலாம்.

கேஸ் குறைந்தே இருந்தாலும், அது பெட்ரோல் போல எரிந்து தீர்வதல்ல. கசிவை அடைக்காமல் ஏற்றினால் மறுபடியும் செலவு. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின், ஓசோனைக் காக்க ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு வெப்பமூட்டக்கூடியது.

அறை வெப்பமானி ஒன்றை முன், பின் துவாரங்களில் வைத்து, காட்டும் அளவுகளைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். பேச்சு கேஸிலிருந்து தொடங்காது.