ஒரே ஹாட் டிஸ்க்கில் ஓர் ஊரின் நினைவுகள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

இன்று எங்கள் ஊரில் அநேகமான வீடுகளில் போட்டோ அல்பம் இல்லை. கல்யாண வீடியோ, பிள்ளையின் பரிசளிப்பு விழா, மௌத்தான வாப்பாவின் குரல், காணி உறுதியின் ஸ்கேன் எல்லாமே வீட்டுக் கம்பியூட்டரில் உள்ள ஒரேயொரு ஹாட் டிஸ்க்கில்தான். இடம் போதாவிட்டால் 2 டி.பி., 4 டி.பி. என்று பெரிதாக ஒன்றை வாங்குகிறோம். வாங்கியதும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி பிழையானது என்பதே எங்கள் கருத்து. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, அது பழுதாகும் நாளில் நாம் இழப்பதும் பெரிதாகிறது.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. கம்பியூட்டர் நிறைந்ததும் வெளியே செருகும் டிஸ்க் ஒன்றை வாங்கி, பழையவற்றைக் 'கட்' பண்ணி அதில் 'பேஸ்ட்' பண்ணிவிட்டு, "பெக்கப் எடுத்தாச்சு" என்கிறோம். அது பெக்கப் அல்ல, இடமாற்றம். ஒரு பைல் இரண்டு இடத்தில் இருந்தால்தான் அதற்குப் பெக்கப் இருக்கிறது.

ஹாட் டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. அவற்றுக்கு மேலே, தலைமயிரின் தடிப்பை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் வாசிக்கும் முனை மிதக்கிறது. தேய்மானம் இருக்கத்தான் செய்யும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பைல்கள் சிதையலாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டைக் கண்ட நாட்டில் யூ.பி.எஸ். ஆடம்பரப் பொருள் அல்ல.

டிஸ்க்கின் நலத்தைப் பார்க்க 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். நீல நிறம் மஞ்சளாக மாறினால் அன்றே கொப்பி எடுங்கள். ஆனால் நீலத்தை முழுதாக நம்பவும் வேண்டாம். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதானவற்றில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இந்த வகை எச்சரிக்கை எதையும் காட்டாமலே பழுதாகியிருந்தன.

"எல்லாம் கூகுளில் இருக்குத்தானே" என்று சிலர் சொல்வார்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மட்டுமே. 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. "வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்" என்பதும் சரியான பதில் அல்ல. சாதாரணமாக அனுப்பும் படத்தை வட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்புகிறது.

பல நாடுகளில் பின்பற்றும் எளிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த மூன்றாவது நிபந்தனையைத்தான் நாம் கைவிடுகிறோம். இரண்டு டிஸ்க்கும் ஒரே அலுமாரியில் இருந்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தில் வீதி வீதியாகப் போனதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும்.

நேரம் எவ்வளவு ஆகும்? 1 டி.பி.யைப் பழைய யூ.எஸ்.பி. 2 வழியாகக் கொப்பி பண்ண ஏறக்குறைய எட்டு மணித்தியாலம். யூ.எஸ்.பி. 3 என்றால் சுமார் மூன்று. இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். அடுத்த தடவை புதிதாகச் சேர்ந்தவை மட்டும் போதும். 'ஃப்ரீ ஃபைல் சிங்க்' போன்றவை அதைச் செய்துதரும். அதில் 'மிரர்' முறையைத் தெரிவுசெய்தால், நீங்கள் தவறுதலாக அழித்தது பிரதியிலும் அழியும். கவனம். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் பைல்களைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். வருடம் ஒரு தடவையாவது பிரதியிலிருந்து சில வீடியோக்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். டிஸ்க் பழுதானால் மீட்டெடுக்கக் கடையில் கொடுக்கிறோம். அதில் எங்கள் வீட்டுப் பெண்களின் படங்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. கொடுக்கவும் மனமில்லாமல், விடவும் மனமில்லாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் இரண்டாவது பிரதி இருந்தால் அந்தத் தவிப்பே இல்லை. வெளியே கொடுத்துவைக்கும் டிஸ்க்கை 'வெராகிரிப்ட்' போன்ற இலவச மென்பொருளால் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். அந்தக் கடவுச்சொல்லை வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

வீட்டோடு இது முடியவில்லை. பள்ளிவாசல் கணக்குகள், ஜனாஸாப் பதிவுகள், பாடசாலையின் பழைய மலர்கள், கழகங்களின் படங்கள் எல்லாம் யாரோ ஒரு தம்பியின் வீட்டுக் கம்பியூட்டரில் கிடக்கின்றன. அவர் சம்பளமில்லாமல் செய்கிறார், அல்லாஹ் கூலி தரட்டும். ஆனால் ஊரின் அமானிதத்தை ஒரு தனி மனிதரின் தலையில் போட்டுவிட்டு நிருவாகங்கள் ஒதுங்கி நிற்பது நியாயமில்லை. இரண்டு டிஸ்க் வாங்கிக் கொடுப்பது ஒரு நிருவாகத்துக்குப் பெரிய செலவல்ல. அச்சிட்ட மலர்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் எவரும் வாசிக்கக் கொடுக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகலாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் உறவுகள் கையில் எடுத்துவந்தது மிகச் சொற்பம். தங்கள் பழைய வீட்டின் ஒரு படம்கூட இல்லாதவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது.

வரும் பாடசாலை விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு முதல் பிரதியை எடுத்துவிடுங்கள். நிருவாகங்களில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் கீழே கேளுங்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லி உதவுங்கள்.