தோற்றபின் ஆடும் ஆட்டம்

தாயம் ஆடித் தோற்றவன் தாயக்கட்டையைப் பழித்து ஆறுதல் அடையலாம். சதுரங்கம் ஆடித் தோற்றவனுக்கு அவ்வழி இல்லை. அறுபத்துநான்கு கட்டங்களும் இருவர் கண்முன்னும் ஒளிவுமறைவின்றி விரிந்து கிடக்கின்றன. பிழையாக நகர்த்திய கையும் தன் கையே. ஆதலின் அத்தோல்வி தன் அறிவின்மேல் விழுந்த அடியாகவே உறைக்கின்றது. தொடக்க நகர்வுகளை மனனஞ் செய்வதினும் உள்ளத்தைப் பயிற்றுதல் இவ்வாட்டத்திற்கு இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும்.

2024 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற உலகச் சதுரங்க சம்பியன் பதவிக்கான போட்டி இதற்கு நற்சான்றாகும். சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷ், சீனத்து டிங் லிரனிடம் முதலாட்டத்திலேயே தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பதினோராம் ஆட்டத்தில் டிங் தோற்றார். மறுநாளே பன்னிரண்டாம் ஆட்டத்தில் வென்று ஈடு செய்தார். இறுதியான பதினான்காம் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியுமெனப் பலரும் எண்ணியிருக்க, காலாள் ஒன்று மிகுந்திருந்த சிறு வாய்ப்பைக் குகேஷ் பொறுமையோடு பற்றி நின்றார். 55 ஆம் நகர்வில் டிங் பிழைத்தார். 7½–6½ எனக் குகேஷ் வாகை சூடினார்.

இருவரும் வீழ்ந்தெழுந்தவரே; எனினும் ஒருவரே வென்றார். உளத்திண்மை வெற்றிக்குப் பிணை நிற்பதன்று. நேற்றைய தோல்வி இன்றைய ஆட்டத்திற்குரிய மதியைக் கவராது காப்பதே அதன் பணி.

உணர்ச்சியை அடக்குதல் உணர்ச்சியற்றிருத்தலும் அன்று. 2025 யூன் மாதம் நோர்வேயில் அதே குகேஷிடம் தோற்ற மக்னஸ் கார்ல்சன், காய்கள் அதிர மேசையைக் குத்தினார். பின் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அச்செயல் போற்றத்தக்கதன்று. ஆயினும் அச்சினத்தை அடுத்த ஆட்டங்களுக்குச் சுமந்து செல்லாமையாற் போலும், அப்போட்டியில் முதலிடம் பெற்றவரும் அவரே.

நம் பாடசாலைகளில் நடப்பது யாது? தோற்று வரும் சிறுவனை "ஏன் தோற்றாய்?" என்று பெற்றோர் அதட்டுகின்றனர், ஆசிரியரோ கேடயங்களையே எண்ணுகின்றனர். இரண்டொரு தோல்விக்குப்பின் அச்சிறுவன் பலகையையே வெறுத்து விலகுகின்றான். 'இடுக்கண் அழியாமை' என ஓரதிகாரமே வகுத்த வள்ளுவரை மனனஞ் செய்விக்கும் நாம், அதனைப் பழகுதற்கு ஏற்ற களமாகச் சதுரங்கப் பலகையைக் கொள்ளலாகாதா?

தோற்றவன் எதிராளியின் கைபற்றி வாழ்த்துக. நகர்வுகளை எழுதிய தாளைக் கசக்கி எறியாது, அவனோடு அமர்ந்தே ஆராய்க. நிலை திரிந்த இடத்தைக் கண்டபின் கவலையின்றி உறங்குக. அன்றைய நாளிற் கடிந்துரையாமை ஆசிரியர் கடனாகும்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: வென்றோர்க்குக் கேடயம் வழங்குவதோடு அமையாது, தான் தோற்ற ஆட்டத்தைச் செவ்வனே ஆராய்ந்து எழுதும் மாணவனுக்கும் ஆண்டுதோறும் ஒரு பரிசு வைப்பீர்களாக.