மலையேறுவோர் மௌனம் காக்கலாகாது

விடுமுறை வந்ததும் முதுகுப்பையைச் சுமந்து தொலைநாடுகளைக் காணப் புறப்படும் நம் இளைஞர்களின் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆயினும், உயரமான இடங்களுக்குச் செல்ல ஆர்வம் மட்டும் போதாது.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தை எடுத்துக்கொள்வோம். பயணிகள் தங்கும் சான் பெத்ரோ என்னும் சிற்றூர் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளோ சுமார் 4,300 மீற்றர் உயரத்தில் உள்ளன. வைகறையில் எழும் நீராவியைக் காண, வந்திறங்கிய மறுநாளே இருளில் புறப்படுவோர் உளர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடே. மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகிறது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியன தோன்றலாம். இளமையும் உடல்வலிமையும் இதற்குக் கவசமாகா.

3,000 மீற்றருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மிகாமல் கூட்டவேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. இதனை அறிந்தவரும் மீறுவது ஏன்? கட்டிய பணம் வீணாகுமே, நண்பர்கள் நகைப்பார்களே என்று தலைவலியை மறைக்கின்றனர். அம்மௌனமே நோயினும் கொடிது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. தாமதியாது கீழிறங்குவதே முதற் சிகிச்சை.

எனவே, ஒருவருக்கு நோய் கண்டால் மேலே ஏறுவதில்லை, அவரைத் தனியே விடுவதுமில்லை எனக் குழுவினர் புறப்படுமுன்பே உறுதி பூணவேண்டும். பெற்றோரும், "எவ்வளவு உயரம் ஏறினாய்?" என்று வினவுவதை விடுத்து, "ஏறுமுன் எத்தனை நாள் தங்கினாய்?" என்று கேட்கப் பழகுவோமாக!