அங்கே ஆய்வுக்கூடம், இங்கே வாய்ப்பாடம்!

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றிலே ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி, வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். பல்லிலே பழுப்புக் கறை! நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடு தீட்டிய கறை. ஒகேனக்கல் குடிநீர் 2013இல் வந்தபின்னும் ஆழ்துளைக் கிணற்றையே குடிக்கும் வீடுகள் உண்டு.

"தலையெழுத்து என்கிறாள் பாட்டி. நிசமா சார்?" என்று கேட்டாள்.

நானோ கலைப்பட்டம் பெற்றவன். அறிவியல் ஆசிரியர் வராத நாளிலே அவ்வகுப்புக்கு அனுப்பப்பட்டவன். "தலையெழுத்தல்ல அம்மா, தண்ணீர்" என்றேன், பகுத்தறிவுப் பெருமிதத்தோடு. "உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்றாள். வாயடைத்து நின்றேன். பாட்டி சொல்வதையும் நம்பவேண்டும், நான் சொல்வதையும் நம்பவேண்டும் என்றால், எனக்கும் பாட்டிக்கும் என்ன வேறுபாடு?

அறிவியல் பட்டம் பெற்ற நண்பரைக் கேட்டேன். அவரும் ஊர்க் கிணற்று நீரை ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லையாம். குற்றம் அவருடையதா? பயிற்சி என்று அழைக்கிறார்கள், போகிறார், திரையிலே படம், பதிவேட்டிலே கையெழுத்து, இடையே தேநீர், திரும்பிவிடுகிறார். ஏட்டுச் சுரைக்காய்!

ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1909இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகம் அங்கே, சர் சி. வி. இராமன் 1948இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் அங்கே. ஜூஜூவாடியைக் கடந்து நாள்தோறும் வேலைக்கு ஆள் போகிறது. பூவும் காய்கறியும் லாரியேறிப் போகின்றன. அறிவு மட்டும் எல்லையிலே நிற்கவேண்டுமா? அதே கழகம், சித்திரதுர்க்கா மாவட்டத்துச் சள்ளகெரே வளாகத்திலே பள்ளி ஆசிரியர்களை அழைத்துச் சோதனைகளைச் செய்வித்துப் பயிற்றுகிறது. அண்டை வீட்டு விருந்து நமக்கு ஏன் எட்டவில்லை?

விஞ்ஞானிக்கும் கிராமத்து வாத்தியாருக்கும் என்ன உறவு என்று கேட்பர் சில மேதாவிகள். 1972இல், மத்தியப் பிரதேசத்து ஓஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளிலே அவ்வுறவு அரும்பிற்று. கிஷோர் பாரதி உள்ளிட்ட இரு தொண்டு அமைப்புகள் தொடங்கின. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் துணை நின்றனர். ஆசிரியர்களே மாணவராயினர். ஒவ்வொரு சோதனையையும் தம் கையால் செய்தனர், தவறினர், ஏன் தவறிற்று என்று வழக்காடினர். மாதந்தோறும் கூடி, வகுப்பிலே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பேசினர். அவர்கள் சுட்டிய குறைகளால் பாடநூலே திருத்தப்பட்டது! தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பேது? 1978இல் மாவட்டமெங்கும் பரவிய அம்முயற்சியை, 2002இல் அம்மாநில அரசே நிறுத்தியது. எதிர்க்கேள்வி கேட்கும் ஆசிரியனை ஆள்வோர் விரும்பார் என்பது என் கணிப்பு.

2022இல் நம் மாநிலத்திலே வந்த வானவில் மன்றம், சோதனைப் பொருள்களை வகுப்புக்கே கொண்டுவந்தது. வரவேற்கிறேன். எனினும், கொண்டுவந்தவர் விடைபெற்றபின் வகுப்பிலே நிற்பவர் ஆசிரியர்தானே!

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலே பிறந்த ஆச்சாரியார், 1953இல், அரைநேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். நாடு கொதித்தது; 1954இல் திட்டம் மடிந்தது. இன்று முழுநேரப் பள்ளி உண்டு, அறிவியலோ அரைப்பாடம். சொல் உண்டு, சோதனை இல்லை. அரைப்பாடம் படித்த பிள்ளை ஓசூர்த் தொழிற்சாலையிலே திருகாணி முடுக்கும். எந்திரத்தை வரைபவன் வேறெங்கிருந்தோ வருவான். இதுவும் குலக்கல்வி அல்லாமல் வேறென்ன?

கோடை விடுமுறையிலே பத்தே நாள் கேட்கிறோம். சொற்பொழிவு வேண்டா. பயணப்படி தந்து அனுப்புங்கள். ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊர்த் தண்ணீரைப் புட்டியிலே எடுத்துச் செல்லட்டும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்புக்கு மேலா கீழா என்று, விஞ்ஞானி பக்கத்திலிருக்க, தம் கையாலே அளந்து திரும்பட்டும்.

அந்தப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு. அவள் வீட்டுக் கிணற்று நீர் என் மேசைமேல் புட்டியிலே இருக்கிறது. அளக்கக் கற்றுத்தரத்தான் ஆளில்லை.