ஜி.பி.எஸ் ஆண்டெனாவை வெயிலில் காயப் போடாதீர்கள்!

காரில் புதுசாக ஆண்ட்ராய்டு செட் மாட்டியவர்கள் ஒரு தடவை முன் கண்ணாடிக்குக் கீழே எட்டிப் பாருங்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மெல்லிய ஒயரோடு டேஷ்போர்டின் மேல் ஒட்டியிருக்கும். அதுதான் ஜி.பி.எஸ் ஆண்டெனா. "வானம் நல்லா தெரியணும் சார்" என்று சொல்லி அங்கேதான் ஒட்டித் தருவார்கள். என்னைக் கேட்டால் அந்த இடம் வடகம் காயப் போடத்தான் லாயக்கு :-)

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆட்கள் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டின் சூடு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ். ஸ்டியரிங் 53, இருக்கை 51. ஆக, காருக்குள்ளேயே அதிகம் கொதிக்கிற இடம் டேஷ்போர்டுதான். நிழலில் நின்ற கார்களில் அதே டேஷ்போர்டு 48 டிகிரிதான். கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டும் நம்ம வேலூருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

"ஆண்டெனா 85 டிகிரி வரை தாங்கும்னு போட்டிருக்கானே?" என்று கேட்பீர்கள். சரிதான், இந்த வகை ஆண்டெனாக்கள் பலவற்றுக்கு அதுதான் வரம்பு. உள்ளே இருப்பது ஒரு பீங்கான் தகடும், சிக்னலைக் கூட்டித் தரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும். பீங்கானுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த 85 டிகிரிக் கணக்கு ஆண்டெனாவுக்குத்தான், கீழே ஒட்டிய டபுள் சைடு டேப்புக்கு இல்லை! தினமும் வெந்து வெந்து டேப்பின் பசை இளகிவிடும். ஒரு வளைவில் பெட்டி வழுக்கி, கண்ணாடி இடுக்கில் குப்புற விழும். வானத்தைப் பார்க்க வேண்டிய தகடு அப்புறம் தரையைப் பார்க்கும்.

எங்கள் வீட்டு காரில் இதுதான் நடந்தது. மேப்பில் கார் பக்கத்துத் தெருவில் ஓடியது, சில நேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. செட்டே போச்சு என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் ஆண்டெனா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, புது செட் வாங்கவில்லை.

சரி, பின்னே எங்கேதான் வைப்பது?

டேஷ்போர்டுக்கு மேலே அல்ல, அதன் பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே. ஜி.பி.எஸ் சிக்னல் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையாக வருகிறது. இந்த அலை பிளாஸ்டிக்கைத் தாண்டி வந்துவிடும், உலோகத்தைத் தாண்டி வராது. எனவே முன் கண்ணாடியை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் மட்டும் இருக்கும் இடமாகப் பார்த்து, காந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு இரும்புப் பட்டையின் மேல் வையுங்கள். டேப்பை மட்டும் நம்பாமல் கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். நேர் வெயில் படாது, வழுக்கவும் வழுக்காது.

"உள்ளே வைத்தால் சிக்னல் குறையாதா?" கொஞ்சம் குறையும். குறையட்டும் என்பதுதான் என் கட்சி. இடத்தைக் கணக்கிட 4 செயற்கைக்கோள் போதும். முன்பெல்லாம் கருவிகள் ஜி.பி.எஸ் ஒன்றை மட்டும் நம்பியிருந்தன, அதனால் வானம் முழுசாகத் தெரிய வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. இன்றைய செட்கள் பல, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கின்றன. கையில் தாராளமாக இருக்கும் சிக்னலில் கொஞ்சத்தைக் கொடுத்து நிழலை வாங்கிக்கொள்வது நல்ல வியாபாரம்தானே?

மூன்று விஷயங்களில் மட்டும் கவனம். ஒன்று, முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் மூடியின் மேலோ உள்ளேயோ எதையும் வைக்காதீர்கள். அது வெடித்துத் திறக்கும்போது ஆண்டெனா கல் மாதிரி பறந்து வரும். இரண்டு, கண்ணாடி ஓரத் தூணில் ஏர்பேக் இருந்தால் ஒயரை அதற்குக் குறுக்கே இழுக்கக் கூடாது. மூன்று, வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடி சில கார்களில் உண்டு. அது சிக்னலையும் சேர்த்தே தடுக்கும். அந்தக் கார்களுக்குக் கூரைமேல் வைக்கும் ஆண்டெனாதான் சரி. அங்கேயும் வெயில் உண்டு, ஆனால் ஓடும்போது காற்று படும். மழை தாங்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு மேப் தப்பாகக் காட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கலாம். இந்தியாவில் 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் டாக்ஸி, பஸ்களுக்கு இடம்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். ராத்திரி 11 மணிக்கு ஒரு பெண் பயந்துபோய் அந்தப் பொத்தானை அழுத்துகிறாள் என்று வையுங்கள். ஆண்டெனா கண்ணாடி இடுக்கில் கவிழ்ந்து கிடந்தால் உதவிக்கு வருபவர்கள் எந்தத் தெருவுக்குப் போவார்கள்? பொத்தான் வேலை செய்கிறதா என்று சோதிப்பவர்கள், ஆண்டெனா எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

எனவே நண்பர்களே, அடுத்த முறை கடையில் "மேலேயே ஒட்டிடலாம் சார், அஞ்சு நிமிஷம்" என்றால் தலையாட்டாதீர்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மூடியைக் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். மறுபடி மூடுவதற்கு முன் செட்டைப் போட்டு எத்தனை செயற்கைக்கோள் பிடிக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டேஷ்போர்டின் மேல் பிள்ளையார் மட்டும் இருக்கட்டும். அவருக்கு 69 டிகிரி எல்லாம் ஒரு விஷயமா என்ன :-)