பரணிலிருந்து இறங்கிய நகைகள்

போன ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறினேன். 68 வயசில் ஏறக்கூடாதுதான். ஆனால் ஒரு அட்டைப்பெட்டியையாவது ஒழிக்கணும் என்பது வீட்டம்மாவின் கட்டளை. "நீங்க ஏறுங்க, நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிறேன்" என்றவள், ரெண்டாவது நிமிஷம் பால் பொங்குது என்று ஓடிவிட்டாள்.

பெட்டிக்குள் என் மகளின் பால்ய காலம். ஒற்றைக்கால் பார்பி, கைநிறைய லெகோ கட்டைகள், சக்கரமில்லாத கார். எடைக்குப் போட்டால் ஒரு காபிக்குத் தேறாது. வாசலில் வைத்தேன்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் பாய்ந்து வந்தாள். "அப்பா, இதையெல்லாம் நகை பண்ணப்போறேன்!"

தங்கம் விற்கிற விலையில் நல்ல செய்திதான். ஆனாலும் கேட்டேன், "ஒற்றைக்கால் பொம்மையிலயா?"

பிரசங்கமே நடத்தினாள். அமெரிக்காவில் மார்கோ லாங் என்று ஒரு கலைஞர் இருக்கிறாராம். பழைய பார்பி பொம்மைகளின் கண், வாய், கை இவற்றை வெட்டியெடுத்து, வெள்ளியில் பதித்து நெக்லஸ் செய்கிறாராம். 1959-ல் பிறந்த பார்பி, இப்படிப் பாட்டி வயசில் பாட்டிகளின் கழுத்தில் தொங்குகிறாள்.

என்னை அசிஸ்டென்ட்டாகச் சேர்த்துக்கொண்டாள். சம்பளமில்லை, திட்டு உண்டு. முதலில் சோப்புத் தண்ணியில் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கணும். அப்புறம் கையால் சுற்றுகிற குட்டி ட்ரில்லால் ஓட்டை. வேகமாகச் சுற்றினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி ட்ரில்லையே கவ்விக்கொள்ளும். அடுத்தது கம்பி வளையம். அதை அகட்டி இழுத்தால் வடிவம் போய்விடும். ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் திருப்பணும். நான் அகட்டினேன். திட்டு வாங்கினேன்.

பார்பியின் கையைத் தொட்டால் பிசுபிசு. மிருதுவாக இருப்பதற்காகச் சேர்த்த ரசாயனம், வருஷம் ஆக ஆக வெளியே கசியுமாம். "இது தோல்ல படக்கூடாது" என்று ஒதுக்கினாள். பெயின்ட் உரிகிற காரும் அவுட். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வாயில் வைக்கிற குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. மிஞ்சியது லெகோ. சிவப்புக் கட்டை ரெண்டு அவள் காதில் ஏறின. நன்றாகவே இருந்தது என்பதை வெளியே சொல்லவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு மரச்சொப்பு. கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய குடம். கட்டைவிரல் உயரம். மகள் ட்ரில்லை எடுத்தாள்.

"அதுல கை வைக்காதே" என்றேன். நான் கத்தியது எனக்கே கேட்டது.

அது என் தங்கச்சியுடையது. 1968-ல் ஒன்பது வயசில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். இது எப்படி இந்தப் பெட்டிக்குள் வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அம்மா தாங்கமாட்டாள் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

மகள் ட்ரில்லைக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மெல்லிய செப்புக்கம்பியைக் குடத்தின் கழுத்தில் ரெண்டு சுற்று சுற்றி, மேலே ஒரு கொக்கி வளைத்தாள். குடத்தில் ஒரு கீறல் விழவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்து நேரே பாட்டியிடம் கொண்டுபோனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அம்மாவுக்கு வயசு 87. கண்ணாடியை மாட்டி, குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதோட ஒரு உரலும் உலக்கையும் இருந்துச்சே. உன் தங்கச்சி அதுல பொட்டுக்கடலை இடிப்பாளே, அது எங்கடா?"

இந்த ஞாயிறு மறுபடியும் பரண். ஸ்டூல் பிடிக்க ஆள் தேவை. அடுப்பில் பால் இல்லாதவர்கள் வரலாம்.